மகேந்திரனும் மரக்கிளையும்

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகிற வழியில் மண்டகப்பட்டு என்று ஓர் ஊர் இருக்கிறது. ஊருக்கருகே ஒரு சிறு குன்று. குன்றின் முகத்தைக் குடைந்து ஒரு கோயில். மாமல்லபுரத்தைப் பார்த்த கண்ணோடு அங்கே போகிறவர்கள், "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு வண்டியில் ஏறிவிடுவது வழக்கம். முகப்பின் இரு புறமும் இரண்டு துவாரபாலகர்கள், இடையில் தூண்கள், உள்ளே பின்சுவரில் மூன்று அறைகள். மூன்றும் இன்று காலி. ஆனால் அந்த முகப்பில் பல்லவ கிரந்த எழுத்தில் வடமொழிச் சுலோகம் ஒன்று வெட்டப்பட்டிருக்கிறது. அதற்காகவே எத்தனை மைல் வேண்டுமானாலும் நடக்கலாம்.

விசித்திரசித்தன் என்ற பட்டப்பெயர் கொண்ட அரசன், பிரம்மா, ஈசுவரன், விஷ்ணு ஆகிய மூவருக்கும் இந்த லக்ஷிதாயதனத்தைச் செய்வித்தான் என்கிறது சுலோகம். எப்படிச் செய்வித்தானாம்? செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல்! இந்த விசித்திரசித்தன் வேறு யாருமில்லை, ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் காஞ்சியை ஆண்ட மகேந்திரவர்மன்தான். கல்கியின் 'சிவகாமியின் சபதம்' படித்தவர்களுக்கு அவனை நான் அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் முதல் குடைவரை இதுதானா, பிள்ளையார்பட்டி இதற்கு மூத்ததா என்று ஆராய்ச்சியாளர்கள் வழக்காடி வருகிறார்கள். அந்த வழக்கில் நான் சாட்சி சொல்லப் போவதில்லை. தான் செய்ததைச் சொல்லிப் பெருமையடித்துக்கொள்ளாத அரசன் உலகத்தில் கிடையாது. எதையெல்லாம் உபயோகிக்கவில்லை என்று சொல்லிப் பெருமைப்பட்டவனை நான் இங்கேதான் பார்த்தேன்.

செங்கல்லும் சுண்ணாம்பும் ஒரு பக்கம் கிடக்கட்டும். மரமும் வேண்டாம், இரும்பும் வேண்டாம் என்றானே, அதைப் பற்றித்தான் என் விசாரம். அந்தச் சபதம் அவனுக்குக் கூட முழுசாய்ப் பலித்ததா என்று கேட்டால், தூண்களைப் பாருங்கள். கீழே சதுரம், மேலே சதுரம், நடுவில் எட்டுப் பட்டை. தச்சன் ஒரு மரத்தூணின் நான்கு மூலைகளையும் சீவினால் எட்டுப் பட்டை வரும். கல்லுக்கு அந்தச் சீவல் எதற்கு? தூணின் தலையில் இருக்கும் போதிகையும் தச்சன் சரக்குத்தான். உத்தரம் வளையாமல் தாங்குவதற்காக மரவேலைக்காரன் வைத்த கட்டை அது. இங்கே உத்தரமே மலையின் ஒரு பகுதி. அது எப்படி வளையும்? கையிலிருந்து மரம் போயிற்றே தவிர மனத்திலிருந்து போகவில்லை. (அதே விழுப்புரம் ஜில்லாவில், திருவக்கரையில், மரமே கல்லாகிக் கிடக்கிறது. சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் விழுந்த மரங்கள் என்று பூகர்ப்ப சாஸ்திரிகள் சொல்கிறார்கள். கல் மரமாக வேஷம் போடுவதையும் மரம் கல்லாக வேஷம் போடுவதையும் ஒரே நாளில் பார்க்க விரும்புகிறவர்களுக்குத் தோதான ஜில்லா.)

உலோகமோ, இன்னும் வேடிக்கை. கோயிலில் இரும்பு இல்லை என்பது வாஸ்தவம். கோயில் வேலையில் இரும்பு இல்லாமல் இருந்திருக்க முடியுமா? குடைவரை எப்படிக் குடைந்தார்கள் என்பதற்கு மாமல்லபுரத்தில் பாதியில் நின்றுபோன வேலைகள் சாட்சி. பாறையின் முகத்தில் கட்டம் கட்டமாகக் கோடிழுத்து, கோட்டின் வழியே பள்ளம் பறித்து, நடுவில் புடைத்து நிற்கும் சதுரங்களை ஒவ்வொன்றாய்த் தட்டி எடுத்திருக்கிறார்கள். அத்தனையும் உளி வேலை. கருங்கல்லில் உளி மழுங்கிக்கொண்டே இருக்கும். மழுங்கிய உளியை உலையில் காய்ச்சித் தட்டக் கொல்லன் வேண்டும். உலைக்குக் கரி வேண்டும். கரிக்கு மரம் வேண்டும். ஆகவே மரம் வேண்டாத கோயிலுக்காகவும் எங்கேயோ மரம் எரிந்துகொண்டுதான் இருந்தது. சுலோகத்தில் அதற்கு இடமில்லை, அவ்வளவுதான்.

இரும்புக்கு மரத்தைத் தின்னாமல் பசி அடங்காது என்பதற்குப் பழைய தென்னார்க்காடு ஜில்லாவிலேயே இன்னொரு சரித்திரம் உண்டு. ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற வெள்ளைக்காரர், கம்பெனி உத்தியோகத்தை விட்டுவிட்டு, 1830-இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்தார். தாது சேலத்துப் பக்கம், எரிபொருள் மரக்கரி. அங்கே வார்த்த இரும்பு ஷெபீல்டு வரைக்கும் போயிற்று. ஆனால் கரிக்கு மரம் வெட்டி வெட்டி, காடு ஆலையை விட்டு நாளுக்கு நாள் தள்ளிப் போயிற்று. நிலக்கரியில் ஓடிய சீமை ஆலைகளோடு போட்டி போட முடியாமல் கடைசியில் உலை அணைந்தது. மரத்துக்கும் இரும்புக்கும் உள்ள உறவு வெட்டுவதும் வெட்டப்படுவதும் மட்டும் என்று யாராவது நினைத்தால், பரங்கிப்பேட்டைக்குப் போய் விசாரிக்கட்டும்.

நிற்க. இவ்வளவு பீடிகையும் எதற்கென்றால், அரசன் மரத்தையும் இரும்பையும் ஒதுக்கிய அதே மண்டகப்பட்டில், 1400 ஆண்டுகள் கழித்து, என் அக்காள் வீட்டார் மரத்தையும் இரும்பையும் பற்றி ஒரு முடிவுக்கு வர வேண்டியிருந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, விழுப்புரம் ஜில்லா பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அக்காள் வீட்டுக் கொல்லையில் ஒரு வேம்பும் ஒரு புளியும் உண்டு. வேம்பின் கிளை ஒன்று ஓட்டுக் கூரைமேல் வந்து படுத்துக்கொண்டது. முறியவில்லை, முறிந்திருந்தால் யோசனைக்கே இடமிருந்திராது.

"மாமா, நீளமான கோல் முனையில் ரம்பம் வைத்து விற்கிறார்களே, அதை ஒன்று வாங்கலாமா?" என்று கேட்டான் அக்காள் மகன். கடையில் அதற்குப் 'போல் சா' என்று பெயர். நான் கோல் ரம்பம் என்று வைத்துக்கொள்கிறேன்.

"இருக்கிற துறட்டி போதாதா தம்பி? உன் அத்தான் காலத்திலேர்ந்து அதுதானே?" என்றாள் அக்கா.

இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். கதை எழுதுகிறவனிடம் யோசனை கேட்டால் சரித்திரம்தான் வரும் என்பது அவர்களுக்குத் தெரியும், தெரிந்தும் கேட்டார்கள்.

துறட்டியை அலட்சியமாகப் பேசக்கூடாது. நீண்ட மூங்கில் கழி, முனையில் வளைந்த சிறு அரிவாள் அல்லது கொக்கி. யானைப் பாகன் கையிலிருக்கும் தோட்டிக்கும் அதற்கும் சாயல் ஒன்றுதான். ஒன்று யானையை வளைக்கிறது, மற்றொன்று கிளையை வளைக்கிறது. கடல் தாண்டிப் போனாலும் அதன் உறவினர்கள் இருக்கிறார்கள். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் கேட்டோ என்ற கண்டிப்பான கிழவர் விவசாயத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஓர் ஒலிவத் தோப்புக்கு என்னென்ன தளவாடம் வேண்டும் என்று அதில் ஜாப்தா போட்டிருக்கிறார். வைக்கோலுக்கு ஓர் அரிவாள், புல்லுக்கு ஓர் அரிவாள் என்று பிரித்து எழுதிவிட்டு, மரம் கழிப்பதற்கென்றே தனியாக 5 அரிவாள் என்று கணக்குச் சொல்கிறார். அவருக்குப் பின்னால் வந்த கொலுமெல்லா, திராட்சைக் கொடி கழிக்கும் கத்தியின் ஒரே அலகில் ஆறு பாகங்களைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பெயரும் வேலையும் சொல்கிறார். மரம் கழிப்பது ஒரு வித்தை, அதற்கென்று ஆயுதம் வேண்டும் என்பது 2000 ஆண்டுப் பழைய சங்கதி.

ஆனால் நம் துறட்டி யாருக்காகப் பிறந்தது? ஆட்டுக்காக. ஆட்டுக்குத் தழை ஒடிக்க, முருங்கைக்காய் பறிக்க, புளி உலுக்க. மரத்தின் நன்மைக்காக அது பிறக்கவில்லை. விரல் பருமன் கொப்பு என்றால் கொக்கியில் மாட்டி ஒரு சுண்டு சுண்டினால் வந்துவிடும். மணிக்கட்டுப் பருமன் கிளையை அப்படி இழுத்தால், கிளை ஒடியும்போது அடிப்பக்கத்துப் பட்டையும் நாராய் உரிந்துகொண்டு கீழே வரும். புயலுக்குப் பின் எங்கள் பக்கத்து மரங்களில் பாதி, காற்றடித்த காயத்தைவிட மனிதன் இழுத்த காயத்தோடுதான் நிற்கின்றன.

துறட்டிக்கு எட்டாத உயரத்துக்கு ஆள் ஏறுவது நம் வழக்கம். யார் மரம் ஏறலாம் என்பது இந்த நாட்டில் என்றுமே சின்ன விஷயமாக இருந்ததில்லை. பல்லவர் செப்பேடுகளில் ஈழப்பூட்சி என்று ஒரு வரி வருகிறது. கள்ளிறக்குவோர் மீது போட்டது. சோழர் கொடுத்த ஆனைமங்கலச் செப்பேட்டில், தானமாய் விட்ட நிலத்துத் தென்னையிலும் பனையிலும் ஈழவர் ஏறக்கூடாது என்று நிபந்தனை இருக்கிறது. மரம் ஏறுகிறவனிடம் வரி வாங்கினார்கள். ஏறாதே என்று தடுத்தார்கள். ஏறி விழுந்தால் என்ன செய்வது என்று எந்தச் செப்பேட்டிலும் நான் படித்ததில்லை. மண்டகப்பட்டிலும் மரம் ஏறத் தெரிந்த ஒரு பெரியவர் இருக்கிறார். முழங்கால் வலியோடு, "ஏறிடுவேன் சாமி, இறங்கறதுதான் கஷ்டம்" என்று சிரிக்கிறார். அவர் பிள்ளைகள் சென்னையில் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் மரம் ஏறப் பழகவில்லை. ஏன் பழக வேண்டும்? இரண்டு கிளை வெட்டிய கூலிக்காக ஓர் இடுப்பெலும்பைப் பணயம் வைக்கும்படி நான் யாரையும் கேட்க மாட்டேன். கோல் ரம்பத்துக்குச் சாதகமாக என் மனத்தில் முதலில் எழுந்த நியாயம் இதுதான். தரையில் நிற்கிறவனுக்கு விழ இடமில்லை.

இன்னொரு நியாயம் அமெரிக்காவிலிருந்து வருகிறது. அலெக்ஸ் ஷிகோ என்று ஒரு மர வைத்தியர். 1959-இல் அந்த நாட்டு வன இலாகாவில் சேர்ந்தவர், 2006-இல் காலமானார். அதுவரை எல்லோரும் மரத்தைக் குறுக்கே அறுத்து வளையங்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். இவர் சங்கிலி ரம்பத்தை எடுத்து மரத்தை நெடுக்கே பிளந்து பார்த்தார், ஆயிரக்கணக்கில் பார்த்தார். அவர் கண்டது இது: மனித உடம்பில் புண் ஆறுவது போல மரத்தில் ஆறுவதில்லை. வெட்டுப்பட்ட இடத்தைச் சுற்றி மரம் உள்ளுக்குள்ளேயே சுவர் எழுப்பி, அழுகலை அந்த அறைக்குள் பூட்டிவிட்டு, வெளியே புதிய மரம் வளர்த்துக்கொள்கிறது. பழைய காயம் கடைசிவரை உள்ளே இருக்கிறது. அந்தச் சுவர் எங்கே எழும்பும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. கிளை அடிமரத்தோடு சேருமிடத்தில் சற்றுப் புடைத்த கழுத்து ஒன்று தெரியும். கழுத்துக்கு வெளியே அறுத்தால் மரம் சமாளித்துக்கொள்ளும். "மொழுக்கென்று இருக்கட்டும்" என்று கழுத்தையும் சேர்த்து அடிமரத்தோடு ஒட்ட அறுத்தால், சுவருக்கு அஸ்திவாரமே போய்விடும். அறுத்த இடத்தில் தாரோ பெயிண்டோ பூசுவதால் அழுகல் நிற்பதில்லை என்பதும் அவர் முடிவு. எங்கள் பக்கத்தில் சாணி பூசுவார்கள். அவர் கணக்கில் அதுவும் அதே வகையைச் சேர்ந்ததுதான். பூசாமல் விட்டால் மரத்துக்கு நஷ்டமில்லை, மாட்டுக்கும் நஷ்டமில்லை.

மகேந்திரன் ஒதுக்கிய மரம், செத்த மரம். உத்தரமாகவும் தூணாகவும் வந்தபின் கறையானுக்கும் மழைக்கும் ஈடு கொடுக்க முடியாது. கொல்லையில் நிற்கிற மரம் வேறு ஜாதி. அது தானே கொத்தனாராக இருந்து தன் சுவரைக் கட்டிக்கொள்கிறது. எந்த இடத்தில் அறுத்தோம் என்பதில்தான் நம் உதவியோ உபத்திரவமோ இருக்கிறது. கொக்கியால் இழுத்துக் கிழிக்கும்போது இடத்தைத் தீர்மானிப்பது நாமில்லை. ரம்பம் சொன்ன இடத்தில் அறுக்கும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்படியானால் வாங்கலாம் என்கிறீர்களா மாமா?" என்றான் பையன். அவனுக்கு ஒரு வரியில் பதில் வேண்டும்.

ஒரு வரியில் சொல்வதற்கு முன் கடையில் போய்ப் பார்த்தோம். பெட்ரோலில் ஓடுவது, பாட்டரியில் ஓடுவது, கையால் இழுப்பது என்று மூன்று தினுசு. மோட்டார் வைத்ததைக் கையில் தூக்கிப் பார்த்த உடனேயே கீழே வைத்துவிட்டேன். கனத்தை இடுப்பளவில் சுமப்பது வேறு. பத்தடிக் கோலின் நுனியில், தலைக்கு மேலே, அண்ணாந்து பார்த்துக்கொண்டு சுமப்பது வேறு. தோப்பு வைத்திருப்பவனுக்கு அது நியாயம். இரண்டு மரத்துக்கு எதற்கு? கையால் இழுப்பதில் ரம்பம் சற்று வளைந்திருக்கிறது, பற்கள் நம்மை நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. ஐரோப்பியத் தச்சனின் ரம்பம் தள்ளும்போது அறுக்கும். ஜப்பானியத் தச்சனின் ரம்பம் இழுக்கும்போது அறுக்கும். கோல் ரம்பம் இந்த விஷயத்தில் ஜப்பான் கட்சி. அது நியாயந்தான், நீண்ட கோலைத் தள்ளினால் வளையும், இழுத்தால் அதன் கனமே பாதி வேலையைச் செய்துவிடும். கோலை நீட்ட நீட்ட ஆட்டமும் அதிகம். இருபதடி எட்டும் என்று அட்டையில் போட்டிருந்தது. எட்டும், சந்தேகமில்லை, எட்டிய பிறகு ரம்பத்தைக் கிளைமேல் நிறுத்துவது வாங்குகிறவன் பாடு.

மணிக்கட்டுப் பருமனுக்கு மேற்பட்ட கிளையை அதனால் அறுக்க முயலக்கூடாது என்று பையனிடம் சொன்னேன். அந்தப் பருமனிலும் ஒரே வெட்டாக அறுக்கலாகாது. முதலில் கழுத்துக்கு ஓரடி தள்ளி அடிப்பக்கத்தில் கொஞ்சம் அறுப்பது; பிறகு அதற்கும் சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையை விழவிடுவது; கடைசியில் மிச்சமிருக்கும் முண்டைக் கழுத்தை ஒட்டி அறுப்பது. அடிப்பக்கத்து வெட்டு எதற்கென்றால், விழுகிற கிளை பட்டையை உரித்துக்கொண்டு போகாமல் அங்கேயே நின்றுவிடும். கிளைக்கு நேர் கீழே நிற்கக்கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன். ஆனாலும் மூன்று தரம் சொன்னேன்.

அக்காவுக்கு வேறொரு கவலை. "ரம்பம் வீட்டுக்கு வந்தால் இவன் மரத்தையே மொட்டையடிச்சுடுவான்" என்றாள். தாய் சொன்னதில் உண்மை இருக்கிறது. கையில் ஆயுதம் இருந்தால் வேலை தேடிக்கொள்ளும். 2011 டிசம்பர் 30-ந் தேதி தானே புயல் அடித்து, பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் சாய்ந்த பிறகு, மிஞ்சிய மரங்களின் தலையையும் பயத்தில் வெட்டியவர்கள் உண்டு. தலை வெட்டிய மரத்தில் கொத்துக் கொத்தாய்த் துளிர் வரும், பார்க்க அழகாயிருக்கும். அந்தத் துளிர்கள் மேல்பட்டையில் மட்டும் ஒட்டிக்கொண்டிருப்பவை. சில வருஷத்தில் அவை கிளையாகி, அடுத்த புயலில் அவைதாம் முதலில் முறியும். மரக்காணம் பக்கத்துப் புத்துப்பட்டில் அய்யனார் கோயிலைச் சுற்றி ஒரு காடு இருக்கிறது. சாமிக்குப் பயந்து யாரும் கத்தி வைப்பதில்லை. நம் கொல்லையில் அய்யனார் இல்லாததால், அக்கா அந்த உத்தியோகத்தை ஏற்றுக்கொண்டாள். எந்தக் கிளை என்று அவள் காட்டினால் ஒழிய ரம்பம் உறையை விட்டு வெளியே வரக்கூடாது என்று ஏற்பாடு.

கையால் இழுக்கும் கோல் ரம்பம் ஒன்று வாங்கினோம். வேம்பில் கூரைமேல் படுத்திருந்த கிளை மெல்லியதுதான். அரை மணியில் இறங்கிவிட்டது, ஓடு ஒன்றுகூட உடையவில்லை. பெரியவர் கீழே நின்று, "இன்னும் இடது பக்கம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வந்ததற்குக் கூலி கொடுத்தோம். மரத்தைப் படிக்கத் தெரிந்த கண் ரம்பத்தோடு சேர்ந்து வருவதில்லை.

புளிக்கு இன்னும் நாள் இருந்தது. திண்டிவனம் என்ற பெயரே திந்திரிணி வனம், அதாவது புளியங்காடு என்பார்கள்; அந்தச் சீமையில் புளிய மரத்தைக் காய் இருக்கும்போது கழிக்க ஒருவரும் சம்மதிக்க மாட்டார்கள். மாசி பங்குனியில் புளி உலுக்கிய பிறகு பார்த்துக்கொள்வதென்று விட்டோம். உலுக்குவதற்கு எப்போதும்போல் துறட்டிதான்.

புளியின் கிழக்குக் கிளை ஒன்று தெரு மின்கம்பிமேல் சாய்ந்திருந்தது. பையன் அதையும் சேர்த்து முடித்துவிடலாமென்று கோலை நிமிர்த்தினான். கோல் அலுமினியம். ஈர மூங்கிலே மின்சாரத்தைக் கொண்டுவரும், அலுமினியத்தைக் கேட்பானேன்? கிளை கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால் ரம்பம் கம்பியைத் தொட வேண்டும் என்பதுகூட இல்லை. கோலைப் பிடுங்கித் தரையில் போட்டேன். மகேந்திரவர்மன் உலோகம் வேண்டாமென்றது இந்த ஓர் இடத்துக்கு அட்சரலட்சம் பெறும். மறுநாள் காலை மின்வாரிய அலுவலகத்துக்கு மனு எழுதிக் கொடுத்தோம். அவர்கள் மின்சாரத்தை நிறுத்திவிட்டு வந்து வெட்ட வேண்டிய கிளை அது.